புதுக் கணினியின் பழுதும் நிரூபிக்கும் சுமையும்: கொங்கு வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

புதிதாக வாங்கிய கணினி சில நாள்களிலோ சில வாரங்களிலோ பழுதாகும்போது எழும் சச்சரவுகளைத் தொகுத்துப் பார்த்தால், பழுது இருக்கிறதா என்பதைவிட அது எப்போது உண்டானது என்பதே பெரும்பாலும் வழக்காக நிற்பது தெரியவரும். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பொருளுக்குள் குறை இருந்ததா, வாங்கியவர் வீட்டு மின்சாரத்தாலோ கையாண்ட விதத்தாலோ பின்னர் நேர்ந்ததா என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே இலவசப் பழுதுநீக்கம், பொருள் மாற்றம், பணம் திரும்பக் கிடைத்தல், இழப்பீடு ஆகிய அனைத்தும் அமைகின்றன. அந்த விடையைச் சான்றுகளோடு தரவேண்டிய கடமையைச் சட்டம் நிரூபிக்கும் சுமை என்று குறிப்பிடுகிறது. கணினியின் மூடியைக் கழற்றிப் பார்த்தாலே உத்தரவாதம் போய்விடுமோ என்று அஞ்சும் நிலையிலிருக்கும் வாங்குபவரின் தலைமீதுதான் இன்றைய நடைமுறையில் அந்தச் சுமை விழுகிறது. அது விழக்கூடாத இடத்தில் விழுந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. கோவையையும் அதைச் சூழ்ந்த கொங்கு மாவட்டங்களையும் ஆய்வுக்களமாகக் கொள்வதற்குக் காரணங்கள் இரண்டு உண்டு. கணினியை உழைத்துப் பிழைக்கும் கருவியாக வாங்குவோர் இவ்வட்டாரத்தில் மிகுதி. மேலும், நுகர்வோர் என்பவர் யார் என்ற கேள்விக்கு இந்திய உச்ச நீதிமன்றம் தந்த அடிப்படை விளக்கம், கோவை நிறுவனம் ஒன்று விற்ற கணினிக் கட்டுப்பாட்டு இயந்திரம் பற்றிய வழக்கில்தான் பிறந்தது.

ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937-இல் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டிய காலத்திலிருந்து, கொங்கு நாட்டில் இயந்திரத்தை வாங்குபவருக்கும் செய்பவருக்கும் இடையே இருந்த தொலைவு மிகக் குறைவு. கிணற்றுக்குள் இறக்கிய பம்பு செட் தண்ணீர் எடுக்காவிட்டாலும், புவிசார் குறியீடு பெற்ற கோவை வெட் கிரைண்டரின் கல் ஒருபக்கம் உரசினாலும், விவசாயியோ இல்லத்தரசியோ அதைச் செய்த பட்டறைக்கே எடுத்துச் செல்ல முடிந்தது. அங்கே காயில் கட்டுபவரும் லேத்தில் கடைசல் பிடிப்பவரும் வாங்கியவர் கண்முன்னேயே பொருளைப் பிரித்து, குறை வார்ப்பிலா, சுற்றிய கம்பியிலா, ஓட்டிய விதத்திலா என்று காட்டிவிட முடிந்தது. ஏமாற்றும் தகராறும் அந்தக் காலத்திலும் இருந்தன என்றாலும், பழுதின் காரணம் இரு தரப்புக்கும் தெரியும்படியான ஓர் ஏற்பாடு அதில் இருந்தது. கணினி அந்த ஏற்பாட்டைக் கலைத்துவிட்டது.

கோவையின் காந்திபுரத்திலோ டாடாபாத்திலோ ஒருவர் மடிக்கணினி வாங்கும்போது, பணம் பெறுபவர் கடைக்காரர். கடைக்காரருக்குச் சரக்கு தருபவர் மொத்த விநியோகஸ்தர். பெட்டியின்மேல் பெயர் இருப்பது ஒரு நிறுவனம். உள்ளிருக்கும் செயலி, நினைவகம், சேமிப்பகம் ஆகியவை வேறு வேறு நிறுவனங்களின் ஆக்கங்கள். பழுதுபார்ப்பது 'அங்கீகரிக்கப்பட்ட சேவை மையம்' என்ற பெயரில் ஒப்பந்தத்துக்கு வேலை செய்யும் இன்னொரு நிறுவனம். தொலைபேசியில் பேசுவது, பெரும்பாலும் வேறு மாநிலத்தில் அமர்ந்து, எழுதிக் கொடுக்கப்பட்ட கேள்விகளை வரிசையாகக் கேட்கும் அழைப்பு மையப் பணியாளர். இவர்களுள் ஒவ்வொருவரும் பொறுப்பின் ஒரு துண்டை மட்டுமே கையில் வைத்திருப்பதால், கடையில் கேட்டால் கம்பெனியையும், கம்பெனியில் கேட்டால் சேவை மையத்தையும், சேவை மையத்தில் கேட்டால் 'மேலிடத்து அப்ரூவல்' என்பதையும் காட்டி அனுப்புவது எளிதாகிறது. அந்தந்தப் பணியாளரைக் குறைகூறுவதால் பயனில்லை. முழுப் பொருளுக்கும் பதில் சொல்ல ஒருவரும் தேவைப்படாதபடி அந்த விற்பனைச் சங்கிலியே அமைக்கப்பட்டிருக்கிறது.

இந்தக் காத்திருப்பின் விலை இவ்வட்டாரத்தில் கூடுதலானது. திருப்பூரில் பின்னலாடைக்கு அளவு வடிவம் வரைந்து, துணி வீணாகாதபடி வெட்டும் வரைபடம் போட்டுத்தருபவர், சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக்குக் கணக்கெழுதித் தருபவர், ஈரோட்டில் கணினி எம்ப்ராய்டரி டிசைன் போடுபவர், கோவை கணபதியில் பட்டறைகளுக்கு உதிரிபாக வரைபடம் வரைந்து கொடுப்பவர், சிற்றூரில் இ-சேவை மையம் நடத்துபவர் என இவர்கள் எல்லாருக்கும் கணினி நின்றால் அன்றைய வருமானம் நிற்கிறது. வெட்டுமேசை காத்திருக்கும்போது வரைபடம் வராவிட்டால் அடுத்த ஆர்டர் வேறொருவருக்குப் போகிறது. கடன் வாங்கிக் கணினி வாங்கியவருக்கு, கணினி சேவை மையத்தில் கிடக்கும் நாள்களிலும் மாதத் தவணை நிற்பதில்லை.

பொறியியல் நோக்கில், புதுப் பொருள் தொடக்கத்திலேயே பழுதாவது வியப்புக்குரிய நிகழ்வே அன்று. நம்பகப் பொறியியல், அதாவது ஒரு பொருள் எவ்வளவு காலம் பிழையின்றி இயங்கும் என்பதைக் கணிக்கும் துறை, மின்னணுப் பொருள்களின் பழுது விகிதத்தைக் குளியல் தொட்டியின் வடிவிலான ஒரு வளைகோட்டால் காட்டுவது வழக்கம்: தொடக்கத்தில் பழுதுகள் அதிகம், பிறகு நீண்ட காலம் குறைவு, முதுமையில் மீண்டும் அதிகம். பற்றவைப்பில் நுண்ணிய விரிசல், நினைவகச் சில்லில் வலுவற்ற ஒரு சேமிப்பு அறை, சரியாக அமராத இணைப்பு முதலியவை தொழிற்சாலைச் சோதனையில் தப்பி, முதல் சில வார வெப்பத்தில் வெளிப்படுகின்றன. கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்குகளைப் பற்றிய ஆய்வு, கடுமையாகப் பயன்படுத்தப்படும் டிஸ்குகளில், தொடக்கத்திலேயே வரும் இந்த இளமைப் பழுது தெளிவாகத் தெரிவதைக் காட்டியது. அதே ஆய்வு, பழுதான டிஸ்குகளில் 56 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை, பழுதை முன்கூட்டியே உணர்த்தும் என்று நம்பப்பட்ட நான்கு முதன்மை அறிகுறிகளுள் ஒன்றைக்கூடக் காட்டாமலேயே செயலிழந்தன என்பதையும் பதிவு செய்தது. தற்சோதனையில் தேறிய டிஸ்க் நல்ல டிஸ்க்தான் என்று சொல்ல முடியாது என்பதே இதன் பொருள். சேவை மையங்களோ அந்தத் தேர்ச்சியையே இறுதித் தீர்ப்பாகக் கொள்கின்றன.

மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட நேரடியாக நுகர்வோருக்குப் பொருந்துவது. ஏறத்தாழ 10 லட்சம் நுகர்வோர் கணினிகளின் தரவுகளைக் கொண்டு, வன்பொருள் கோளாறால் ஒருமுறை நின்றுபோன கணினி மீண்டும் அவ்வாறே நிற்கும் வாய்ப்பு நூறு மடங்கு வரை உயரக்கூடும் என்று அது கண்டது. ஆகவே, வாங்கிய இரண்டாம் வாரம் தானாக ரீஸ்டார்ட் ஆனதாக ஒருவர் சொல்லும் முறையீட்டைக் கவலை மிகுந்தவரின் பேச்சு என்று ஒதுக்க இடமில்லை. இனி வரப்போகும் பழுதுக்கான வலுவான சான்றாகவே அதைக் கொள்ள வேண்டும். இரண்டாவது, மூன்றாவது முறை வரும்வரை காத்திருக்கச் சொல்லும் சேவை நடைமுறை, இந்த அறிவுக்கு நேர் எதிராக இயங்குகிறது.

அந்த நடைமுறையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுடையது. வெயிலேறிய ஒரு பிற்பகலில், தகரக் கூரையின் கீழ் மின்விசிறி மட்டும் சுழலும் அறையில், மூன்று மணி நேரம் தொடர்ந்து வரைபட மென்பொருள் ஓடியபின் திரை நீலமாகி நின்றுவிடும் கணினி, மறுநாள் காலை குளிரூட்டப்பட்ட சேவை மையத்தின் மேசையில் வைத்து இயக்கப்படும்போது குறையேதுமின்றி ஓடுகிறது. விட்டு விட்டு வரும் பழுது என்று பொறியாளர்கள் குறிப்பிடும் இவ்வகைக் குறை, வெப்பமும் வேலைப்பளுவும் சேர்ந்தால்தான் தலைகாட்டும். வாங்கியவர் தமிழில் விரிவாகச் சொன்னதை வரவேற்பு மேசையில் இருப்பவர் ஜாப் ஷீட் எனப்படும் பதிவுத்தாளில் இரண்டொரு ஆங்கிலச் சொற்களாகச் சுருக்கி எழுதுகிறார். எத்தனை மணி நேரம் ஓடியபின், எந்த மென்பொருளில், எவ்வளவு வெப்பத்தில் என்ற விவரங்கள் அதில் இடம்பெறுவதில்லை. அரை மணி நேரச் சோதனைக்குப் பிறகு பழுது ஏதும் காணப்படவில்லை என்ற குறிப்போடு, இயங்குதளம் மீண்டும் நிறுவப்பட்டு, அதிலிருந்த கோப்புகள் அழிந்த நிலையில் கணினி திரும்பிவருகிறது. பின்னாளில் வழக்கு என்று வந்தால், எதிர்த்தரப்பு முதலில் நீட்டும் ஆவணம் இந்தத் தாள்தான்.

மின்சாரம் பற்றிய வாதம் தனியே கவனிக்கத்தக்கது. தமிழ்நாட்டுத் தொழில் வட்டாரங்கள் 2012-ஆம் ஆண்டையொட்டிப் பல மணி நேர மின்வெட்டை அனுபவித்தவை. கொங்குச் சிறுதொழில்கள் அதில் பெருமளவு பாதிக்கப்பட்டன. அந்த அனுபவத்தின் விளைவாக யுபிஎஸ்ஸும் ஸ்டெபிலைசரும் இங்கே சாதாரணக் கருவிகளாகிவிட்டன. எனினும் மோட்டாரும் தறியும் ஓடும் இணைப்பிலேயே கணினியையும் சேர்ப்பதும், எர்த் சரியில்லாத பழைய வயரிங்கில் ஓட்டுவதும் இன்னும் பல இடங்களில் உண்டு. மின்னழுத்த ஏற்ற இறக்கம் மின்வழங்கியையும் மதர்போர்டையும் உண்மையிலேயே கெடுக்கக்கூடியது. உற்பத்தியாளர் தரப்பின் அச்சம் முற்றிலும் கற்பனையென்று சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். ஆனால் அழுத்தம் மிகுந்து கருகிய பாகத்துக்கு அடையாளம் உண்டு, அதைப் படம் எடுத்துக் காட்ட முடியும். அவ்வாறு காட்டாமல், 'ஃபிளக்சுவேஷன்' என்ற ஒரு சொல்லால் உத்தரவாதத்தை மறுப்பதுதான் முறையற்றது. திரவம் புகுந்தது, கீழே விழுந்தது, வாடிக்கையாளரால் நேர்ந்த சேதம் என்ற மறுப்புகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும்.

கருவி வாங்கியவரே குறையை நிறுவ வேண்டும் என்ற எண்ணம் எவ்வளவு பெரிய நிறுவனத்தையும் தடுமாற வைக்கும் என்பதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு 1994-இல் நிகழ்ந்தது. இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் செயலி சில வகுத்தல் கணக்குகளில் தவறான விடை தருவதை அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி கண்டறிந்து வெளிப்படுத்தினார். நிறுவனம் முதலில், துல்லியக் கணக்கீடு தமக்குத் தேவை என்று காட்டுவோருக்கு மட்டுமே செயலியை மாற்றித்தர முன்வந்தது. எதிர்ப்பு வலுத்தபின், அந்த ஆண்டு டிசம்பர் 20 அன்று, கேட்பவர் எல்லாருக்கும் காரணம் கேட்காமல் மாற்றித்தருவதாக அறிவித்து, அதற்காக 47.5 கோடி டாலரைக் கணக்கில் ஒதுக்கியது. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2024-இல், அதே நிறுவனத்தின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சில நிலையற்று நிற்பதாக வந்த முறையீடுகள் நீண்ட காலம் தொடர்ந்த பிறகே, தேவைக்கு மீறிய மின்னழுத்தம் செயலிக்குப் போவதே காரணம் என்று நிறுவனம் கண்டறிந்து, உத்தரவாதத்தை மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டித்தது. செயலியைப் படைத்தவர்களுக்கே காரணம் தெரிய அவ்வளவு காலம் ஆகியிருக்கையில், கோபிசெட்டிபாளையத்திலோ பல்லடத்திலோ அதை வாங்கிய ஒருவர் உள்ளூர்ச் சேவை மையத்தின் மேசையில் அதை நிரூபித்துவிட வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமாகாது.

இந்தியச் சட்டம் இதில் வாங்குபவருக்கு என்ன தருகிறது என்பதைப் பார்க்கலாம். 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக இயற்றப்பட்ட 2019-ஆம் ஆண்டுச் சட்டம், 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அது இரண்டு வகைக் குறைகளைப் பிரித்துக் காட்டுகிறது: பொருளின் தரத்திலோ அளவிலோ ஆற்றலிலோ இருக்கும் பிழை 'பழுது', சேவையின் தரத்திலோ முறையிலோ இருக்கும் பிழை 'சேவைக் குறைபாடு'. வாங்கியதும் நின்றுபோன கணினி முதல் வகையில் சேரும். முறையிட்டும் வாரக்கணக்கில் அதைப் பார்க்காமல் வைத்திருப்பது இரண்டாம் வகையில் சேரும். பழுதின் தோற்றத்தை நிறுவ முடியாதபோதும் சேவைக் குறைபாட்டைத் தேதிகளைக் கொண்டே நிறுவிவிட முடியும் என்பதால், வழக்குத் தொடுப்போர் இரண்டையும் சேர்த்துக் கேட்பதே பொருத்தமானது.

ஆனால் இந்த வாசலுக்குள் நுழைவதற்கே நுகர்வோர் என்ற தகுதி வேண்டும். அந்தத் தகுதியின் எல்லையை வரைந்தது 1995 ஏப்ரல் 4 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த, லக்ஷ்மி எஞ்சினியரிங் ஒர்க்ஸ், பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் ஆகிய இரு தரப்புக்கும் இடையிலான வழக்கு. மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஒரு சிறுதொழிற்கூடம் 1990 மே மாதம் கோவையின் பி.எஸ்.ஜி. நிறுவனத்திடம் கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் கடைசல் இயந்திரம் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தது. ஆறு மாதம் தாமதமாக வந்ததென்றும், வந்ததும் குறையுடையதாக இருந்ததென்றும் வாங்கியவர் முறையிட, மகாராஷ்டிர மாநில ஆணையம் 2.48 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. தேசிய ஆணையம், அது வணிக நோக்கத்துக்காக வாங்கப்பட்ட இயந்திரம், ஆகவே வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று அத்தீர்ப்பை நீக்கியது. உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இயந்திரத்தில் குறை இருந்ததா என்ற கேள்விக்குள் அந்த முடிவு செல்லவில்லை. உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும் வழி வாங்கியவருக்குத் திறந்தே வைக்கப்பட்டது.

அத்தீர்ப்பின் பயன் அதன் முடிவில் இருப்பதைவிட அது தந்த விளக்கத்தில் அதிகம் இருக்கிறது. 1993-இல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட ஒரு விளக்கக்குறிப்பு, சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கித் தாமே பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கத்திலிருந்து விலக்குகிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தக்கவைத்துள்ளது. உச்ச நீதிமன்றம் அதற்கு உயிர் கொடுத்தது: தாமே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவரும், தாமே இயக்கிப் பிழைக்க லேத் வாங்குபவரும் நுகர்வோரே, துணைக்கு ஓரிருவர் இருப்பதாலேயே அந்தத் தகுதி போய்விடாது, பொருளின் மதிப்பை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், எந்த நோக்கத்துக்காக வாங்கப்பட்டது என்பதை அந்தந்த வழக்கின் விவரங்களிலிருந்தே முடிவுசெய்ய வேண்டும். லேத் என்ற இடத்தில் கணினி என்று வைத்துப் பார்த்தால், திருப்பூர் வடிவ வரைவாளரும் இ-சேவை மையக்காரரும் இத்தீர்ப்பின் நிழலில் நிற்கத்தக்கவர்களே. 2018-இல் பாரமவுண்ட் டிஜிட்டல் கலர் லேப் வழக்கில், சுயதொழிலுக்காக டிஜிட்டல் புகைப்பட அச்சு இயந்திரம் வாங்கிய பங்குதாரர்களை நுகர்வோர் என உச்ச நீதிமன்றம் ஏற்றதும் இந்த வழியிலேயே.

நடைமுறையில் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கணினிக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. அந்த வரியைத் திரும்பக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்காகச் சிறுதொழில் செய்வோர் பலரும் நிறுவனத்தின் பெயரிலும் வரிப்பதிவு எண்ணிலும் பில் போட்டுக்கொள்கின்றனர். பின்னர் வழக்கு வரும்போது, அந்தப் பில்லையே வணிக நோக்கத்துக்குச் சான்றாக எதிர்த்தரப்பு நீட்டலாம். அப்போது தாமே இயக்கிப் பிழைப்பவர் என்பதை வாங்கியவர் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். சிறுதொழிலுக்குச் சலுகை தரும் வரிச்சட்டமும் சிறுதொழிலாளியைக் காக்கும் நுகர்வோர் சட்டமும் ஒரே தாளில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இந்த இடம், கொங்கு நாட்டைப் போன்ற வட்டாரத்தில் ஆயிரக்கணக்கானோரைத் தொடக்கூடியது. ஆயினும் இதைப் பற்றிய பொதுப்பேச்சு மிகக் குறைவு.

2019-ஆம் ஆண்டுச் சட்டம் புதிதாகக் கொண்டுவந்த 'பொருள் பொறுப்பு' என்ற அத்தியாயம் கணினி வாங்கியவருக்கு உதவும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது முழுவதும் சரியில்லை. குறையுள்ள பொருளால் உடலுக்கோ பிற உடைமைக்கோ நேரும் தீங்குக்கே அந்த அத்தியாயம் இழப்பீடு தருகிறது. பொருளுக்கே நேர்ந்த கேட்டையும் பொருளாதார இழப்பையும் சட்டம் 'தீங்கு' என்ற வரையறையிலிருந்து வெளிப்படையாக விலக்கியிருக்கிறது. பேட்டரி வெடித்துக் கை வெந்தால் அந்த அத்தியாயம் பேசும். மதர்போர்டு இறந்து ஆர்டர் போனால் பேசாது. ஒரு பயனுள்ள வரையறை மட்டும் அதன் அருகில் உண்டு: பிறர் செய்த பாகங்களை ஒன்று சேர்த்துப் பொருளாக்குபவரும் உற்பத்தியாளரே. செயலி ஒரு கம்பெனி, போர்டு ஒரு கம்பெனி என்று வாங்கி 'அசெம்பிள்' செய்து விற்கும் கடைக்காரர், பாகங்களின் உத்தரவாதத்தைக் காட்டி முழுக் கணினிக்கான பொறுப்பிலிருந்து விலகிக்கொள்வதற்கு இந்த வரையறை எதிராக நிற்கிறது. மேலே சொன்ன 2011 ஆய்வு, பெயர்பெற்ற நிறுவனக் கணினிகளைவிட இவ்வாறு சேர்த்தமைத்த கணினிகள் கூடுதலாகப் பழுதாவதாகக் கண்டது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

மையக் கேள்வியான நிரூபிக்கும் சுமைக்கு வந்தால், சட்டத்தின் போதாமை தெளிவாகிறது. பரிசோதனையின்றிப் பழுதைத் தீர்மானிக்க முடியாத வழக்கில், பொருளின் மாதிரியைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்ப மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. நூலுக்கும் துணிக்கும் கோவையிலேயே சிட்ரா என்னும் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. பம்புக்கும் மோட்டாருக்கும் சைடார்க் ஆய்வகம் இருக்கிறது. கொங்கு நாடு தான் செய்யும் பொருளைச் சோதிக்கத் தனக்கென்று இடங்களைக் கட்டிக்கொண்ட நாடு. தான் வாங்கும் கணினியைச் சோதிக்க அதே தரத்தில், வழக்கு மன்றம் எளிதில் நாடத்தக்க ஓரிடத்தை அது இன்னும் அமைத்துக்கொள்ளவில்லை. பொறியியல் கல்லூரிகள் இத்தனை நிறைந்த ஊரில் இது தீர்க்க முடியாத குறையன்று. மடிக்கணினிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டுள்ள இந்தியத் தர நிர்ணய அமைவனப் பதிவும் பாதுகாப்பைப் பற்றியது, மின்னதிர்ச்சியும் தீயும் நேராதபடி காப்பது. கணினி எத்தனை மாதம் ஒழுங்காக ஓடும் என்பதற்கு அந்த முத்திரை பொறுப்பேற்பதில்லை. இதற்கிடையில், குறையுள்ள பாகத்தை மாற்றிச் சரிசெய்ய முடியுமானால் முழுப் பொருளையும் மாற்றித்தர ஆணையிட வேண்டியதில்லை என்று 2006-இல் மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, காருக்குச் சொன்னதாயினும், கணினி வழக்குகளிலும் எதிர்த்தரப்பின் கைக்கருவியாகப் பயன்படத்தக்கது. ஒரே கணினியில் மதர்போர்டு, பிறகு நினைவகம், பிறகு திரை என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவது எந்தக் கட்டத்தில் 'சரிசெய்தல்' என்ற தகுதியை இழக்கிறது என்பதற்குச் சட்டத்தில் எல்லைக்கோடு இல்லை.

பிற நாடுகள் அந்தக் கோட்டை வரைந்திருக்கின்றன. தமிழர் பெருமளவில் வாழும் சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று காட்டுவது விற்றவரின் வேலை. பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் மறுத்து முழுப்பணத்தையும் பெறும் உரிமையைத் தருவதோடு, ஒருமுறை பழுதுநீக்கியும் சரியாகாவிட்டால் விலைக்குறைப்போ பணத்தைத் திரும்பப் பெறுதலோ கேட்க இடமளிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு நெறிமுறை அந்த அனுமானத்தை ஓராண்டாக நீட்டியது. இளமைப் பழுது பற்றிப் பொறியியல் அறிந்ததும் இச்சட்டங்கள் கொள்ளும் அனுமானமும் ஒன்றோடொன்று பொருந்துவதைக் காணலாம்: தொடக்க மாதங்களில் வரும் பழுது பெரும்பாலும் செய்தவர் கையிலிருந்து வந்தது என்பதை இரண்டும் ஏற்கின்றன. இந்தியச் சட்டத்தில் இத்தகைய அனுமானம் எழுதப்படவில்லை, எழுதப்பட வேண்டும். மின்னழுத்தமோ தண்ணீரோ காரணமென்றால், கருகிய பாகத்தைக் காட்டி அதை நிறுவும் வசதி விற்றவரிடம் முழுமையாக இருப்பதால், இதனால் நேர்மையான விற்பனையாளருக்கு அநீதி நேராது.

இருக்கும் சட்டத்துக்குள் வாங்குபவருக்கு உள்ள வசதிகளையும் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. இணையத்தில் வாங்கிய பொருள் எந்த மாநிலத்துக் கிடங்கிலிருந்து வந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். மின்வணிக நிறுவனங்கள் முறையீட்டை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டுமென்று 2020-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. வழக்குக்கு முன்படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் முறையிடலாம். கோயம்புத்தூர் கன்ஸ்யூமர் காஸ் போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாகச் செய்துவரும் பணியால், உரிமை கேட்டு எழுதும் பழக்கம் இவ்வூருக்குப் புதிதன்று. ஆனால் பரிசோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்ற சட்டத்தின் காலவரம்பு பல நேரங்களில் ஏட்டளவிலேயே நின்றுவிடுகிறது. ஆணையங்களில் தலைவர், உறுப்பினர் பதவிகள் நிரப்பப்படாமல் கிடந்ததை உச்ச நீதிமன்றமே 2021-இல் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொள்ள நேர்ந்தது. நாற்பதாயிரம் ரூபாய்க் கணினிக்காக ஆண்டுக்கணக்கில் அலைவதைவிட இன்னொன்று வாங்கிவிடலாம் என்று எண்ணி ஒதுங்குபவரின் கணக்கை நன்கு அறிந்தே மறுமொழிகள் தாமதப்படுத்தப்படுகின்றனவோ என்ற ஐயம் வாங்குவோரிடையே வேரூன்றியிருக்கிறது.

அத்தகைய வழக்குகளில் வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை எளிய தாள்களே: பில், உத்தரவாத அட்டை, ஒவ்வொரு முறை கணினியை ஒப்படைத்தபோதும் திரும்பப் பெற்றபோதும் தேதியிட்ட ஜாப் ஷீட், தொலைபேசியில் பேசியபின் அதையே சுருக்கி அனுப்பிய மின்னஞ்சல், பழுது தலைகாட்டும் கணத்தில் கைபேசியில் எடுத்த காணொளி. ஜாப் ஷீட்டில் வாங்கியவர் சொன்ன விவரம் அவர் சொன்ன மொழியிலேயே முழுமையாக எழுதப்பட வேண்டும், எந்தச் சோதனை எவ்வளவு நேரம் நடந்தது என்பது குறிக்கப்பட வேண்டும், உத்தரவாதம் மறுக்கப்பட்டால் படத்தோடு காரணம் தரப்பட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறை வகுத்தாலே, சட்டத் திருத்தம் வரும்வரை காத்திராமல், நிரூபிக்கும் சுமையில் ஒரு பகுதி இடம் மாறிவிடும்.

அரசே வாங்கிக் கொடுக்கும் கணினியில் இந்தக் கேள்வி வேறொரு வடிவம் எடுக்கிறது. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், மாநில அரசின் எல்காட் நிறுவனத்தின் வழியாகப் பல லட்சம் மாணவர்கள் மடிக்கணினி பெற்றார்கள். தமிழ்நாட்டின் 2025-26 நிதிநிலை அறிக்கை 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் கணினி தருவதாக அறிவித்தது. விலை கொடுப்பது அரசு, பயன்படுத்துவது மாணவர். விலை கொடுத்து வாங்கியவரின் ஒப்புதலோடு பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்று சட்டம் சொல்வதால், மாணவருக்கும் முறையிடும் தகுதி உண்டு என்று வாதிட இடம் இருக்கிறது. ஆனால் விடுதியில் தங்கிப் படிக்கும் முதல் தலைமுறை மாணவி ஒருவர் இந்த வாதத்தை ஆணையத்தின்முன் வைத்து வெல்வார் என்று எதிர்பார்த்துக் கொள்கை வகுக்க முடியாது. லட்சக்கணக்கில் வாங்கும் எல்காட் கையில் தனிமனிதர் எவருக்கும் இல்லாத ஓர் ஆற்றல் இருக்கிறது: கொடுத்த ஆறு மாதத்துக்குள் நிற்கும் கணினியைப் பழுதோடு வந்ததாகவே கொண்டு, காரணம் கேட்காமல், மாணவர் படிக்கும் கல்லூரியிலேயே மாற்றித்தர வேண்டும் என்ற ஒரு நிபந்தனையை ஒப்பந்தப்புள்ளியில் அது சேர்க்க முடியும். அவ்வாறு சேர்க்கப்பட்டு, எத்தனை கணினிகள் எந்தப் பாகத்தின் பழுதால் மாற்றப்பட்டன என்ற கணக்கு ஆண்டுதோறும் வெளியிடப்பட்டால், இளமைப் பழுதைப் பற்றித் தமிழ்நாட்டின் வெப்பத்திலும் மின்சாரத்திலும் திரட்டப்பட்ட நம்பகமான தரவு, காந்திபுரத்தில் சொந்தப் பணத்தில் வாங்குபவருக்கும் வழக்கு மன்றத்துக்கும் ஒருசேரக் கிடைக்கும்.